சர்க்கரை சேர்க்காமல் குளிர்காலப் பழங்களை பேக் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர் மாதங்களில் கிடைக்கும் ஆப்பிள், பேரிக்காய், குயின்ஸ், கிரான்பெர்ரி, பெர்சிமன், ஆரஞ்சு இவற்றை, சர்க்கரையோ சர்க்கரைக்குப் பதில் வேறொன்றோ கொட்டாமல் ஓவனில் சுடுவது பற்றி திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வெப்பநிலை எல்லாம் செல்சியஸில், சாதாரண ஓவனுக்கானது. உங்களுடையது விசிறி ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையே போடாமல் சுட்டால் இனிக்குமா, இல்லை பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்குமா?

இனிக்கும், பழத்தில் இனிப்பு இருந்தால். 100 கிராம் ஆப்பிளில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது, மீதியில் 85 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர். சுடும்போது நாம் செய்யவேண்டியதெல்லாம் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை வெளியே அனுப்புவதுதான். 180 கிராம் ஆப்பிள் ஒன்று வெந்து சுருங்கி 120 கிராம் ஆகிவிட்டால், அதே 18 கிராம் சர்க்கரை இப்போது குறைந்த எடைக்குள் அடங்கியிருக்கிறது. அதாவது 100 கிராமுக்கு 15 கிராம். நாக்குக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இதில் பெரும்பாலானவர்கள் தவறவிடுவது நேரத்தைத்தான். பழம் மெத்தென்று ஆனதும் வெந்துவிட்டது என்று எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் பாத்திரத்தின் அடியில் பாருங்கள், சாறு தண்ணியாக, பொடிப் பொடிக் குமிழியாக வேகமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். மூடியில்லாமல் இன்னும் 10, 15 நிமிடம் விடுங்கள். குமிழிகள் பெரிதாகி, சோம்பேறித்தனமாக எழுந்து, உடையும்போது ஓரத்தில் ஒட்ட ஆரம்பிக்கும், பழத்தின் வெட்டிய விளிம்பு பழுப்பேறும். அப்போது எடுங்கள். சர்க்கரை போட்டுச் சுடும்போது அந்தச் சர்க்கரையே சாறை இழுத்து பாகாக்கிவிடும், அதனால் சீக்கிரம் எடுத்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். இங்கே அந்த வேலையை நேரம்தான் செய்யவேண்டும்.

எந்த ஆப்பிள் வாங்குவது?

சமையல் குறிப்புகளில் வழக்கமாக கிரானி ஸ்மித் என்று இருக்கும். அது கிலோவுக்கு ஒரு கப் சர்க்கரை போடுகிறவர்களுக்கான ஆலோசனை. சர்க்கரை போடப்போவதில்லை என்றால் ஃப்யூஜி, காலா, ஹனிகிரிஸ்ப், கோல்டன் டெலிஷியஸ் பக்கம் போங்கள். இவற்றுக்கும் கிரானி ஸ்மித்துக்கும் சர்க்கரை அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது, 100 கிராமுக்கு ஓரிரு கிராம்தான் கூடக்குறைய இருக்கும். புளிப்பில்தான் வித்தியாசம். புளிப்பு குறைவாக இருந்தால் இருக்கும் இனிப்பு முன்னால் வந்து நிற்கும்.

முழுக்க இனிப்பு ஆப்பிளாகவே போட்டால் சப்பென்று இருக்கும் என்பதும் உண்மை. நாலு இனிப்பு ஆப்பிளுக்கு ஒரு புளிப்பு ஆப்பிள் என்று கலந்தால் சரியாக வரும்.

வடிவம் முக்கியம் என்றால் மெக்கின்டாஷ், பிராம்லி வேண்டாம், இரண்டும் குழைந்துவிடும். ரெட் டெலிஷியஸ் பார்க்க அழகாக இருக்கும், சுட்டால் மாவாகிவிடும், அதை அப்படியே கடித்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

முழு ஆப்பிளைச் சுட்டால் வெடித்துவிடுகிறதே?

உள்ளே உண்டாகும் நீராவிக்கு வெளியேற வழி இல்லாததால் வருகிறது. நடுவிலுள்ள விதைப்பகுதியைக் குடைந்து எடுங்கள், ஆனால் அடியில் ஒரு விரல் கனத்துக்கு விட்டுவையுங்கள், இல்லையென்றால் உள்ளே வைத்ததெல்லாம் ஒழுகிவிடும். பிறகு பழத்தின் இடுப்பைச் சுற்றி கத்தி நுனியால் தோலில் மட்டும் ஒரு கோடு கீறுங்கள். வேகும்போது அந்தக் கோட்டில் தோல் பிரிந்து மேல்பாதி தொப்பி மாதிரி தூக்கிக்கொள்ளும், வெடிக்காது. பாத்திரத்தின் அடியில் கால் கப் தண்ணீர், 180 டிகிரி, 45 முதல் 60 நிமிடம்.

தோலை உரிக்கவேண்டாம். வடிவத்தைப் பிடித்து நிறுத்துவதே அதுதான்.

துண்டு போட்டுச் சுட்டால் கூழாகிவிடுகிறது. என்ன செய்வது?

ஒரு சின்ன வித்தை இருக்கிறது. ஆப்பிள் 60 முதல் 70 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால், அதிலுள்ள ஒரு என்சைம் பெக்டினை (பழத்தின் சதையை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும் பொருள்) இறுக்கிவிடும், அப்புறம் எவ்வளவு சூட்டில் சுட்டாலும் துண்டு உருக்குலையாது. வீட்டில் இதைச் செய்ய, நறுக்கிய துண்டுகள் மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி 10 நிமிடம் மூடிவைத்து, நன்றாக வடித்துவிட்டுச் சுடுங்கள். கொஞ்சம் இனிப்பு தண்ணீரோடு போகும் என்பதால் முழுப் பழத்துக்கும் பாதிப் பழத்துக்கும் இதைச் செய்யாதீர்கள். எலுமிச்சைச் சாறும் உதவும், புளிப்புள்ள சூழலில் பெக்டின் சீக்கிரம் கரையாது. ஆனால் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போடவேண்டாம், நம்மிடம் ஈடுகட்டச் சர்க்கரை இல்லை.

பேரிக்காய்?

சர்க்கரை இல்லாமல் சுடுவதற்கு இதைவிட நல்ல பழம் கிடையாது என்பது என் கட்சி. புளிப்பு குறைவு, மணம் அதிகம். பேரிக்காய் மரத்திலிருந்து பறித்த பிறகுதான் பழுக்கும், அதுவும் உள்ளிருந்து வெளியே. எனவே வயிற்றுப் பகுதியை அமுக்கிப் பார்த்துப் பயனில்லை, அது மெத்தென்று ஆகும்போது நடு அழுக ஆரம்பித்திருக்கும். காம்புக்குப் பக்கத்தில் கழுத்தை லேசாக அழுத்துங்கள். கொஞ்சமே கொஞ்சம் கொடுத்தால் அன்று சுடலாம். கல் மாதிரி இருந்தால் வெளியில் வைத்துப் பழுக்கவிடுங்கள், பழுக்காத பேரிக்காயைச் சுட்டால் வெந்த காய்தான் கிடைக்கும்.

பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் துளி வெண்ணெய் தடவி, அந்தப் பக்கம் அடியில் படும்படி வைத்து 190 டிகிரியில் 25 நிமிடம், திருப்பிப்போட்டு இன்னொரு 15 நிமிடம். பாஸ்க் ரகம் விறைப்பாக நிற்கும். பார்ட்லெட் மணக்கும், ஆனால் சரிந்துவிடும்.

தேன், மேப்பிள் சிரப், பேரீச்சை சிரப் சேர்த்தால் அது சர்க்கரை சேர்க்காதது ஆகுமா?

ஆகாது. இதில் எனக்குப் பொறுமை குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேன், சிரப்கள், பழச்சாறு, பழச்சாற்றுச் செறிவு இவற்றில் இருக்கும் சர்க்கரையையும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு வரம்பு, அன்றாடம் கிடைக்கும் ஆற்றலில் 10 சதவீதத்துக்கும் கீழே. 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். "சர்க்கரை இல்லாத ஆப்பிள் கிரம்பிள்" (பழத்தின் மேல் மாவும் வெண்ணெயும் பிசிறித் தூவிச் சுடும் பண்டம்) என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே அரை கப் மேப்பிள் சிரப் ஊற்றச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள். தேனின் மணம் பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள், பெயரை மட்டும் மாற்றிச் சொல்லவேண்டாம்.

முழுப் பேரீச்சை, உலர்திராட்சை?

இது கொஞ்சம் சிக்கலான இடம். முழுப் பழமாக, நாரோடு சேர்ந்து வருவதால் சேர்த்த சர்க்கரை என்று கணக்கில் வராது. ஆனால் பெரிய மெட்ஜூல் பேரீச்சை ஒன்றிலேயே 16 கிராம் அளவு சர்க்கரை இருக்கிறது. ஆப்பிளுக்குள் இரண்டை அடைத்தால், ஆப்பிளின் 18 கிராமோடு சேர்த்து 50 கிராம். லேபிளில் எப்படி எழுதினாலும் உடம்புக்குள் போவது அதுதான். பேரீச்சையை மைய அரைத்துவிட்டால் சில நாடுகளின் கணக்கில், உதாரணமாக பிரிட்டனில், அதுவும் தவிர்க்கவேண்டிய சர்க்கரைப் பட்டியலுக்குள் போய்விடுகிறது.

நான் செய்வது, ஆப்பிளுக்கு அரைப் பேரீச்சை, பொடியாக நறுக்கி, வால்நட்டோடு கலந்து. கடிக்கும்போது அங்கங்கே ஒரு இனிப்புத் துண்டு மாட்டும், அது போதும். உலர்திராட்சையை வெளியே தெரியும்படி போட்டால் கருகிக் கசக்கும். பழத்துக்குள் புதைத்து வையுங்கள்.

ஸ்டீவியா, எரித்ரிடால்?

இவை பழுப்பேறாது, ஸ்டீவியா பாகும் ஆகாது. அது கொஞ்சம் கூடினாலும் கசப்பு தங்கும். எரித்ரிடால் ஆறியதும் மறுபடி படிகமாகி நறநறக்கும், நாக்கில் ஒரு குளிர்ச்சியும் வரும். உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஸ்டீவியாவைச் சேர்த்துக்கொள்கிறது, எரித்ரிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் அதில் வராது. நல்ல பழம் கையில் இருக்கும்போது இரண்டுமே தேவைப்படாது.

இனிப்பைக் கூட்டாமலே இனிப்பாகத் தோன்றச் செய்ய முடியுமா?

முடியும், உப்பிலிருந்து தொடங்குங்கள். இரண்டு சிட்டிகை உப்பு கசப்பை அமுக்கும், அதனால் இனிப்பு மேலே தெரியும். பழத்துக்கு உப்பா என்று தயங்குகிறவர்கள் பாதிப் பழத்துக்குப் போட்டு, மீதிப் பாதியை அப்படியே சுட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து வாசனை. பட்டை, ஏலக்காய், ஜாதிக்காய், வெனிலா இவை எதிலும் இனிப்பு கிடையாது, ஆனால் இந்த வாசனைகளை இனிப்புப் பண்டங்களோடு சேர்த்தே பழகிவிட்டதால் மூளை இனிப்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். பட்டையைத் தனியாகப் போடாமல் வெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள், மணம் கொழுப்பில் இறங்கிப் பரவும். ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் துருவிச் சேர்த்தாலும் நன்றாக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு வாசனைக்கு மேல் போனால் பழம் காணாமல் போய்விடும்.

மேலே போடும் கிரம்பிள் மொறுமொறுப்பாக வரவே மாட்டேன் என்கிறது.

வராதுதான், ஏனென்றால் அந்த மொறுமொறுப்பில் பாதி சர்க்கரை உருகி இறுகுவதால் வருவது. மாவும் வெண்ணெயும் மட்டும் போட்டால் ஈர மண் மாதிரி உட்கார்ந்திருக்கும். மாவை விட்டுவிட்டு ஓட்ஸுக்கும் பருப்புகளுக்கும் மாறுங்கள். 100 கிராம் ஓட்ஸ், 50 கிராம் பொடித்த பாதாம் அல்லது வால்நட், 50 கிராம் வெண்ணெய், உப்பு, பட்டை. பிசிறி, பழத்தின் மேல் போடாமல் தனித் தட்டில் பரப்பி 170 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறி, பொன்னிறமாக வறுத்து எடுங்கள். பழம் தனியாகச் சுண்டி முடிந்ததும், சாப்பிடப் பத்து நிமிடத்துக்கு முன் மேலே தூவி ஓவனில் வையுங்கள். பழத்தின் ஆவியில் ஊறாததால் மொறுமொறுப்பு நிற்கும், பழமும் மூடியில்லாமல் சுண்டியிருக்கும்.

கிரான்பெர்ரியைச் சர்க்கரை இல்லாமல் சாப்பிடவே முடியவில்லை.

யாராலும் முடியாது. 100 கிராமில் 4 கிராம்தான் சர்க்கரை, புளிப்போ எலுமிச்சைக்குப் பக்கத்தில். இதைப் பழமாக நினைக்காமல் மசாலாவாக நினையுங்கள். முக்கால் கிலோ ஆப்பிள் அல்லது பேரிக்காய்க்கு ஒரு கைப்பிடி, 50 கிராம் போதும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் புளிப்பு கொஞ்சம் அடங்கும், நுரைத்துக்கொண்டு வரும், பயப்படவேண்டாம். கூடிவிட்டால் சிவப்பு நிறம் மங்கி நீலம் பாய்ந்த மாதிரி ஆகி, சோப்பு வாடையும் அடிக்கும்.

உலர் கிரான்பெர்ரி வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். கடையில் இருப்பதில் பெரும்பாலானவை சர்க்கரையில் ஊறவைத்தவை.

பெர்சிமன் சுட்டால் வாய் இழுத்துக்கொண்டது, ஏன்?

ஹச்சியா ரகமாக இருக்கவேண்டும், கூம்பு வடிவம். அதிலுள்ள டானின், பழம் ஜெல்லி மாதிரி தளதளவென்று ஆகும்வரை துவர்க்கும். சுட்டால் போய்விடும் என்று நினைத்து கெட்டியாக இருக்கும்போதே சுடுகிறார்கள், போகாது. சொல்லப்போனால் துவர்ப்பு போன பழத்திலும் சூடேறினால் அது திரும்பி வருவதுண்டு, அடங்கியிருந்த டானின் மறுபடி கரைய ஆரம்பிக்கும். அதனால்தான் பெர்சிமன் கூழ் சேர்க்கும் மாவுகளில் சமையல் சோடா கலக்கிறார்கள். துண்டாகச் சுடுவதற்குத் தட்டையான ஃப்யூயு ரகம்தான் சரி, கெட்டியாக இருக்கும்போதே இனிக்கும். அரை அங்குல வில்லைகள், 200 டிகிரி, 20 நிமிடம். 100 கிராமில் 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதால் விளிம்பு தானாகவே அழகாகப் பழுப்பேறும்.

குயின்ஸ்?

பச்சையாகக் கடிக்க முடியாத கெட்டி, துவர்ப்பும் புளிப்பும் வேறு. ஆனால் 150 டிகிரியில், கொஞ்சம் தண்ணீரோடு மூடி, இரண்டரை மூன்று மணி நேரம் விட்டால் வெளிறிய சதை மெல்ல ரோஜா நிறமாகி, சில பழங்களில் செங்கல் சிவப்பு வரை போகும். நிறமும் மணமும் அபாரம். இனிப்பு மட்டும் வராது. சர்க்கரை இல்லாமல் தனியாகச் சுட இது ஏற்ற பழம் அல்ல என்று சொல்லிவிடுகிறேன். பாதி வெந்ததும் அதே பாத்திரத்தில் இனிப்புப் பேரிக்காய் துண்டுகளைச் சேர்த்துவிடுங்கள், ஒன்றின் மணமும் மற்றதன் இனிப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஆரஞ்சு, மாதுளை, கிவி?

ஆரஞ்சை வெள்ளைத்தோல் முழுக்க நீக்கி வில்லையாக்கி 200 டிகிரியில் கால் மணி நேரம். அதற்கு மேல் போனால் கசக்கத் தொடங்கும், குறிப்பாக நேவல் ரகம். மாதுளை முத்துகளைச் சுடவேண்டாம், விதைதான் மிஞ்சும், சுட்ட பழத்தின் மேல் கடைசியில் தூவுங்கள். கிவி சூட்டில் பச்சை போய் பாசி நிறமாகிவிடும். விட்டுவிடுங்கள்.

சாறு தண்ணியாகவே இருக்கிறது, நேரமும் ஆகிவிட்டது.

பழத்தை எடுத்து வைத்துவிட்டு சாறை மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் அடுப்பில் சுண்டவையுங்கள், ஐந்து நிமிட வேலை. சோள மாவு கலப்பதாக இருந்தால் அரைக் கிலோ பழத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூனுக்குக் கீழே, குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, குமிழி விட்டுக் கொதிக்கும் வரை விடவேண்டும், இல்லையென்றால் பச்சை மாவு வாடை அடிக்கும்.

எந்தப் பாத்திரம்?

கண்ணாடி, பீங்கான், எனாமல். பூச்சில்லாத அலுமினியமும் இரும்பும் பழப்புளிப்போடு சேர்ந்து உலோக ருசி கொடுக்கும். ஒரு எச்சரிக்கை, சூடான கண்ணாடிப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டு உடையும், நடுவில் தண்ணீர் சேர்ப்பதானால் வெந்நீர்தான். பாத்திரம் பெரிதாக, பழங்களுக்கு நடுவே இடைவெளியோடு இருக்கட்டும். நெருக்கி அடுக்கினால் ஆவியில் அவியும், சுடாது.

ஓவன் இல்லையே?

ஏர் ஃப்ரையரில் 170 டிகிரி, பாதிப் பழம் 15 முதல் 20 நிமிடம். சொல்லப்போனால் இதற்கு அது ஓவனைவிட நல்லது, சூடான காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். மைக்ரோவேவில் வேகும், பழுப்பேறாது. அடிகனமான வாணலியில் வெண்ணெய் தடவி சிறு தீயில் வெட்டிய பக்கத்தை வைத்து மூடி வேகவிட்டு, கடைசியில் மூடியைத் திறந்து சுண்டவிட்டாலும் ஓவனில் சுட்டதற்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

சர்க்கரை சேர்க்கவில்லை என்பதும் சர்க்கரையே இல்லை என்பதும் வேறு வேறு. நடுத்தர ஆப்பிளில் சர்க்கரையையும் சேர்த்து மொத்த மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) 25 கிராம் அளவுக்கு இருக்கிறது, சுட்டால் அது எங்கும் போகாது. சுண்டிச் சிறியதானதால் ஒன்றுக்குப் பதில் இரண்டு சாப்பிட்டுவிடும் ஆபத்தும் உண்டு. சுடுவதற்கு முன் எத்தனை பழம் இருந்ததோ அதை வைத்துக் கணக்கிடுங்கள், பருப்புகளோ தயிரோ சேர்த்துச் சாப்பிடுங்கள், உங்களுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

பேரிக்காயிலும் ஆப்பிளிலும் சார்பிடால் என்ற ஒன்று இருக்கிறது. நிறையச் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு உப்பும்.

குழந்தைகளுக்கு?

தோலை நீக்கி மசித்துக் கொடுக்கலாம். முழுப் பருப்புகள் ஐந்து வயதுக்குள் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். ஒரு வயது முடியாத குழந்தைக்கு வைப்பதில் தேன் துளியும் கூடாது, சுட்டதாக இருந்தாலும்.

சுட்ட பழத்தை மசித்த கூழைக் கேக்கில் சர்க்கரைக்குப் பதில் போடலாமா?

போடலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால். சர்க்கரை வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கிறது, பழக்கூழுக்கு அந்தத் திறமை கிடையாது. கனமாக, ஈரமாக வரும். பெரிய கேக்காகச் செய்யாமல் மஃபின் அச்சுகளில் ஊற்றினால் நடுவில் வேகாமல் போகாது. கூழையும் அப்படியே போடாமல் தட்டில் பரப்பி 180 டிகிரியில், அவ்வப்போது கிளறி, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்கும் வரை சுண்டவைத்துச் சேருங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

சர்க்கரைதான் பதப்படுத்தும் பொருள், அது இங்கே இல்லை. ஜாம் மாதிரி நினைத்து வெளியில் வைக்காதீர்கள். ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில். மூன்று நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைப்பதானால் மசித்து வையுங்கள், முழுப் பழம் உருகும்போது சொதசொதவென்று ஆகிவிடும்.

சூடாகச் சாப்பிடுவதா, ஆறவிட்டா?

வெதுவெதுப்பாக. ஆப்பிளிலும் பேரிக்காயிலும் அதிகம் இருப்பது ஃப்ரக்டோஸ், அது சூட்டில் தன் இனிப்பில் ஒரு பங்கை இழந்து, ஆற ஆறத் திரும்பப் பெறும் வகை. ஓவனிலிருந்து எடுத்தவுடன் ருசி பார்த்து இனிப்பு போதவில்லை என்று தேன் பாட்டிலைத் தேடாதீர்கள். 20 நிமிடம் விட்டு மறுபடி ருசி பாருங்கள், அதற்குள் அடியில் இருக்கும் சாறும் கெட்டிப்பட்டிருக்கும், அதைக் கரண்டியால் வழித்து மேலே ஊற்றிவிட்டுப் பரிமாறுங்கள்.